டிக்கெட்டு டி, டிரைவர் டி

கோடு மட்டும் சிமிட்டிக்கொண்டிருக்கிறது. திரை முழுக்கக் கும்மிருட்டு, இடது பக்க மேல் மூலையில் அரிசி நீளத்துக்கு ஒரு வெள்ளைக் கோடு, வருது, போகுது, வருது, போகுது. நேற்று சாயங்காலம் வரைக்கும் இதே திரையில் அ ஆ இ ஈ எல்லாம் கட்டம் கட்டமாக உட்கார்ந்திருந்தன. கட்டிலில் சாய்ந்தபடி மயிலாத்தாள் எந்தக் கட்டத்தைப் பார்க்கிறாளோ, கீழே இருக்கிற கேமரா அவள் கண்மணியைப் பிடித்து அந்த எழுத்தை எடுத்து மேலே வைக்கும். எழுத்து சேர்ந்து சொல்லாகி, சொல் சேர்ந்து முடிந்ததும் கம்ப்யூட்டருக்குள்ளிருந்து ஒரு பொம்பளைக் குரல் அதைப் படிக்கும். ரேடியோவில் செய்தி வாசிக்கிறவள் மாதிரி குரல். அந்தக் குரலில், ஏனுங்க, ரசம் தீயுது, மூக்கு என்ன வாடகைக்கா விட்டுட்டீங்க, என்று என் பெண்டாட்டி என்னைத் திட்டுவாள். கை போய், கால் போய், நாக்கும் போன பிறகு அவளுக்கு இதுதான் வாய். அந்த வாய் விடிந்து பார்த்தால் ஒற்றைக் கோடாகக் கிடக்கிறது. என்றைக்குப் போகவேண்டுமோ அன்றைக்குப் போகாது, போகவே கூடாத அன்றைக்குத்தான் போகும், டயர் பஞ்சர் மாதிரி. இன்றைக்கு மத்தியானத்துக்குள் டாக்டரம்மா வந்துவிடுவார். போன தடவை வந்தபோது என்னை வாசலுக்குக் கூப்பிட்டுச் சொல்லவில்லை, கட்டிலுக்குப் பக்கத்திலேயே நின்று மயிலுக்குக் கேட்கும்படியாகத்தான் சொன்னார். மூச்சு குறைஞ்சுட்டே வருதுங்கம்மா, கழுத்துல துளை போட்டுக் குழாய் வெச்சு மெஷின்ல மாட்டலாம், மாட்டாம விட்டா ரொம்ப நாள் தாங்காது, மாட்டறதா வேண்டாமான்னு அடுத்த தடவை எனக்குச் சொல்லணும். நான், யோசிச்சு வெக்கறோமுங்க, என்றேன். நீங்க இல்லீங்கய்யா, அவங்க யோசிக்கட்டும், என்று விட்டுப் போனார். அன்றிலிருந்து மயிலு சாக்கடை அடைப்பைப் பற்றிப் பேசினாள், எதிர்வீட்டுச் சேவல் நேரங்கெட்ட நேரத்தில் கூவுவதைப் பேசினாள், என் சட்டைக் காலர் கிழிந்ததைப் பேசினாள். குழாயைப் பற்றி ஒரு எழுத்து பார்க்கவில்லை. நானும் கேட்கவில்லை. கேட்டால் சொல்லிவிடுவாளே. சொன்னால் என்ன சொல்லுவாள். கண்ணை ஒரு தரம் சிமிட்டினால் ஆமாம், இரண்டு தரம் சிமிட்டினால் இல்லை, அப்படி ஒரு வழக்கம் எங்களுக்குள் இருக்கத்தான் இருக்கிறது. தண்ணி வேணுமா, புரட்டிப் படுக்க வைக்கட்டுமா, அதற்கெல்லாம் போதும். ஆனால் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிற பழக்கம் அவளுக்குப் பிறந்ததிலிருந்தே கிடையாது. பனியன் கம்பெனியில் செக்கிங்கில் இருந்தவள். தையல் சரியா பாரு என்று கொடுத்தால், துணியே சரியில்லை, நூலு வாங்குனவனைக் கூப்பிடு என்பாள். அவளைப் போய் ஆமாம் இல்லைக்குள் அடைத்தால் அது அவள் பதிலா, கேட்கிறவன் பதிலா.

ஹசீனா அம்மிணி கைபேசியில் வந்தபோது முதலில் கேட்டது அவள் குரல் இல்லை, வண்டிச் சத்தம். பின்னால் ஒரு ஏர் ஹாரன், யாரோ படியில நிக்காதீங்கன்னு கத்துகிற சத்தம். முப்பது வருஷத்துக்கு மேல் தனியார் வண்டியில் கண்டக்டராக நின்ற காது, வேறு எதைக் கேட்கும். சத்தியமங்கலம் பஸ் ஸ்டாண்டா அம்மிணி, என்றேன். அட ஆமாங்கய்யா, தாளவாடி போறேன், என்ன ஆச்சு காலங்காத்தால, என்றது. ஈரோட்டில் பாலிடெக்னிக்கில் கம்ப்யூட்டர் லேப் பார்க்கிற பிள்ளை, பிள்ளை என்ன பிள்ளை, அதற்கே முன்தலை நரைத்துவிட்டது. இந்தப் பெட்டியை மயிலுக்காகத் தட்டிக்கொட்டி ஒப்பேற்றிக் கொண்டுவந்து வைத்தது அதுதான். எல்லாரும் வைத்திருக்கிற விண்டோஸ் இல்லீங்கய்யா இது, லினக்ஸ், அதுலயும் நாங்க கொஞ்சப்பேர் மட்டும் புழங்கற ஒரு சின்ன வகை, கண்ணுப் பலகை இதுலதான் நல்லா ஓடுது, ஏதாச்சும் ஆச்சுன்னா பக்கத்துக் கடைக்குத் தூக்கிட்டுப் போயிராதீங்க, அவங்களுக்குத் தெரியாது, எனக்குப் போன் போடுங்க, என்று அன்றைக்கே சொல்லியிருந்தது. போட்டேன். கோடு சிமிட்டுதுங்க அம்மிணி, வேற ஒண்ணும் வரல.  ராத்திரி அதுவாப் புதுப்பிச்சிருக்குங்கய்யா, டிரைவர் போயிருச்சு, என்றது. எனக்கு ஒரு நொடி அந்தப் பஸ்ஸின் டிரைவரைத்தான் சொல்கிறதோ என்று திக்கென்றது. டிரைவர் போயிட்டாரா, எங்க? ஐயோ, நம்ம வண்டி டிரைவர் இல்லீங்க, உங்க பெட்டியோட டிரைவர், படம் காட்டற கார்டு ஒண்ணு உள்ள இருக்குதுல்ல, அதை ஓட்டறதுக்கு ஒரு டிரைவர், வண்டியப் புதுசா மாத்திட்டாங்க, பழைய டிரைவருக்குப் புது வண்டி ஓட்டத் தெரியல, அதான் நிக்குது. அப்படிச் சொன்னதும் எனக்கு விளங்கிவிட்டது. டிப்போவில் பழைய கியர் வண்டியை எடுத்துக்கொண்டு புதுசு கொடுத்த அன்றைக்கு எங்கள் டிரைவர் பொன்னுரங்கம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு, சாமி கும்பிடுகிறவன் மாதிரி சும்மா உட்கார்ந்திருந்தானே. சரி, மறுபடி பழக்கணும், எப்படி? கீபோர்டுல மூணு கட்டையைச் சேர்த்து அழுத்துங்க என்று எதெதென்று சொன்னது. அழுத்தினேன். கோடு போய் எழுத்து வந்தது. இப்ப பேர் கேக்கும், மயிலம்மா பேரை அடிங்க. அடித்தேன். இப்ப கடவுச்சொல். அடிக்கிறேன், அடிக்கிறேன், ஒரு எழுத்தும் விழவில்லை. ஒரு புள்ளி, ஒரு நட்சத்திரம் கிடையாது. அம்மிணி, கட்டை வேலை செய்யல. செய்யுதுங்கய்யா, வெளிய காட்டாது, உள்ள வாங்கிக்கும், நம்பி அடிங்க. வெளிய காட்டாது, உள்ள வாங்கிக்கும். கட்டில் பக்கம் திரும்பிப் பார்த்தேன். மயிலு கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். முகத்தில் ஒரு கோடு அசையாது இப்போதெல்லாம். எதிர்வீட்டுக்காரி வந்து அவள் காதுபடவே, பாவம், இதுக்கு என்ன தெரியப்போவுது என்று சொல்லிவிட்டுப் போன அன்றைக்கு, இந்தப் பெட்டி வாயைத் திறந்து, எனக்கு எல்லாந் தெரியும், உம் மருமவ ஏன் போனான்னும் தெரியும், என்றது. அதற்கப்புறம் அவள் இந்தப் பக்கம் வருவதில்லை. உள்ள போயிருச்சுங்க அம்மிணி, என்றேன். நல்லதுங்கய்யா, இப்ப நான் சொல்றதை எழுதிக்கங்க, மொதல்ல சூடோ. சூடா என்ன, டீயா? சூடா இல்லீங்க, சூடோ, எஸ் யு டி ஓ, நாந்தான் வீட்டுக்காரன், கதவைத் தொறன்னு அதுக்கு அதட்டிச் சொல்றது. உள்ளங்கையில் எழுதிக்கொண்டேன், கண்டக்டர் பழக்கம், தாளைத் தேடுகிற நேரத்தில் ஆள் இறங்கிப் போய்விடும். சூடோவோடு, டி, கே, எம், எஸ். ஒரு இடம் விட்டு ஆட்டோ இன்ஸ்டால், எழுத்து எழுத்தாகச் சொன்னது. அடிச்சிட்டுத் தட்டுங்க, ஓடும், கொஞ்ச நேரம் ஆகும், நிறுத்திராதீங்க, முடிஞ்சதும் அணைச்சுப் போட்டா டிரைவர் வந்து உக்காந்துக்கும், என்னங்கய்யா, கேக்குதுங்களா, அம்மாகிட்டச் சொல்லுங்க, நான். நான் என்பதோடு போயிற்று. பின்னால் வண்டி கியர் குறைக்கிற முனகல் கேட்டது. பேச்சோடு பேச்சாக வண்டி கிளம்பிப் பண்ணாரியும் தாண்டிவிட்டது. இனி திம்பம் மலை. ஒவ்வொரு கொண்டை ஊசியாக ஏறி முடிக்கிற வரைக்கும் டவர் என்ற பேச்சே கிடையாது. மேலே ஒரு லாரி குறுக்கே நின்றுவிட்டால் மத்தியானச் சோற்றுக்குத்தான் ஆளைப் பிடிக்கமுடியும்.

உள்ளங்கையைப் பார்க்கிறேன். டி கே எம் எஸ். தமிழில்தான் எழுதியிருக்கிறேன், அவசரத்துக்கு வேறு எது கையில் வரும். இங்கிலீஷ் எழுத்து எனக்குப் பஸ் போர்டில் படித்ததுதான், டிக்கெட்டுப் புத்தகத்தில் படித்ததுதான். ஆட்டோ பிரச்சினையில்லை, எல்லா ஆட்டோவுக்கும் முதுகில் எழுதியிருக்கிறது. இன்ஸ்டாலில் பாதி டீ ஸ்டால் போர்டிலேயே இருக்கிறது. சூடோ பிரச்சினையில்லை, அது சொன்னபோதே கட்டையில் அடித்துவிட்டேன், சரியா தப்பா என்று அந்த அம்மிணி ஒவ்வொரு எழுத்தாகத் திருப்பிச் சொல்லவைத்தது. இந்த டி. டிக்கெட்டு டியை அடித்தேன். எனக்கு டி என்றால் டிக்கெட்டுதான், விரல் அதுவாகவே போய்விட்டது. தட்டினேன். ஒரு வரி வந்தது. நாட் என்பது தெரிந்தது, நாட் என்றால் இல்லை. என்ன இல்லை. அப்படி ஒரு ஆள் இங்கே இல்லை என்கிறது போலிருக்கிறது. உட்கார்ந்துவிட்டேன். உட்கார்ந்தபோது, சொல்லக்கூடாது, சொன்னால்தான் என்ன, எனக்குள்தானே சொல்கிறேன், மனசு ஒரு நொடி லேசாகிப்போனது. இல்லையாம். நான் என்ன செய்வது, டிரைவர் இல்லை, வண்டி நிற்கிறது, அம்மிணி மலையில் இருக்கிறது. டாக்டரம்மா வருவார். பெட்டி வேலை செய்யலீங்க என்பேன். கண்ணைச் சிமிட்டச் சொல்லிக் கேட்பார்கள். மயிலு, நீ இருக்கோணுமா, இப்படிக் கேட்டால் எந்த மனுஷி இரண்டு தரம் சிமிட்டுவாள். நினைத்து முடிக்கவில்லை, முன்னறையிலிருந்து மயிலின் தம்பி நல்லசாமி அதையே சொல்கிறான். மாமா, அந்தக் கருமத்தை விடுங்க, கண்ணைச் சிமிட்டச் சொல்லி வாங்கிக்கலாம். எப்பிடிக் கேப்ப மாப்ள? அக்கா, நாங்கெல்லாம் இருக்கறோம், நீ எங்களை உட்டுட்டுப் போறியான்னு கேப்பேன், ரெண்டு சிமிட்டு சிமிட்டும், ஆச்சு, குழாய மாட்டிரலாம். மெதுவாப் பேசு, காது நல்லாக் கேக்குது அவளுக்கு. கேக்கட்டுமே, நல்லதுக்குத்தான சொல்றேன், பொறவு அந்தப் பொட்டியக் குடுத்தா அது பாட்டுக்கு என்னத்தயாச்சும் எழுதிவெக்கும், எங்க அக்கா வாயி உங்களுக்குத் தெரியாதா. தெரியும். தெரிந்துதானே பயம். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் அவள் கண் கூரையை விட்டு என் முதுகுக்கு வந்திருப்பது முதுகுக்குத் தெரிகிறது. கூட்டத்தில் டிக்கெட்டு வாங்காதவன் எங்கே நிற்கிறான் என்று முதுகு சொல்லும், அந்த மாதிரி. மூச்சு கேட்கிறது. இழுக்கிறது, நின்று யோசிக்கிறது, விடுகிறது. போன மாசம் இந்த யோசனை இல்லை. இந்த மூச்சு நின்ற வீட்டில் நான் காலையில் எழுந்து யாருக்கு ரசம் வைப்பேன், யார் அதைத் தீய்கிறது என்பார்கள். குழாய் போட்டால் இருப்பாள். இருந்தால் போதும். திட்டக்கூட வேண்டாம், கூரையைப் பார்த்துக்கொண்டு இருந்தால் போதும். போதுமா. யாருக்குப் போதும். கோடு சிமிட்டுகிறது. ஒரு தரமா, இரண்டு தரமா, அது எண்ணிக்கை இல்லாமல் சிமிட்டுகிறது, அதனிடம் எதைக் கேட்டாலும் ஆமாம்தான், இல்லைதான்.

டி. அந்த அம்மிணி என்ன சத்தம் போட்டது. கண்ணை மூடிக்கொண்டு காதுக்குள் அதை மறுபடி ஓட்டிப் பார்க்கிறேன். எழுத்துக்கு ஒன்றுதான், ட-வுக்கு ஒரு கொக்கி போட்டால் டி. ஆனால் வாய்க்கு இரண்டு இருக்கிறதே. டீ குடிக்கிற டி ஒன்று, அடுப்புச் சூட்டில் தெறிக்கிற மாதிரி நாக்கில் பட்டுத் தெறிக்கும், டீ, டிக்கெட்டு, டிபன். இன்னொன்று வாடி போடி டி, நாக்கு அண்ணத்தில் கொஞ்சம் தங்கி இறங்கும். பனியன் கம்பெனி வாசலில் ஷிப்டு விட்டு வரும்போது அத்தனை பொம்பளைகளும் கூப்பிடுவார்கள், அடி மயிலு, நில்லுடி, ஏன்டி உம்பட வீட்டுக்காரன் வண்டி வருது பாருடி. அந்த டி. ஹசீனா அம்மிணி சொன்னது எது. டி, கே, எம், எஸ். ஹாரன் சத்தத்தை ஒதுக்கிவிட்டுக் கேட்டால், தங்கித்தான் இறங்கியது. தெறிக்கவில்லை. ஆமாம், அடி மயிலு டிதான் அது. அந்த டிக்கு இங்கிலீஷில் எந்த எழுத்து. டிரைவர். டிரைவருக்கும் தெறிக்காது. எங்கள் வண்டியில் பொன்னுரங்கம் தலைக்கு மேலே எழுதியிருக்குமே, டிரைவரிடம் பேசாதீர் என்று இரண்டு பாஷையிலும், வயிறு தள்ளின எழுத்து, கர்ப்பிணி மாதிரி நிற்கும். கட்டையில் அதைத் தேடுகிறேன். இருக்கிறது. சூடோவுக்கு நடுவில் அம்மிணி அடிக்கவைத்ததும் இதைத்தான், அவசரத்தில் அப்போது உறைக்கவில்லை. விரல் அதன்மேல் நிற்கிறது. அடித்தால் ஓடிவிடும். ஓடினால் பேசிவிடுவாள். அடிக்காமல் விட்டால் யாருக்குத் தெரியப்போகிறது, நல்லசாமிக்குத் தெரியாது, டாக்டரம்மாவுக்குத் தெரியாது, மலை ஏறுகிற அம்மிணிக்குத் தெரியாது. முதுகில் அந்தக் கண். மயிலு, என்கிறேன் திரும்பாமல், இரு, எழுத்து மாத்தி அடிச்சுப்போட்டேன். வேறு யாரும் அடிக்கவில்லை, என் விரல்தான் அடிக்கிறது. டிரைவர் டி, கே, எம், எஸ். தட்டினேன். ஒன்றும் இல்லை. பிறகு ஒரு வரி. பிறகு ஒரு வரி. பிறகு சித்திரை மழையில் ஓட்டுக் கூரை சொட்டுகிற மாதிரி வரி வரியாக இறங்குகிறது, ஒன்றும் படிக்க முடியவில்லை, படித்தாலும் புரியாது, பெட்டிக்குள் காற்றாடி வேகம் பிடிக்கிறது, ஏற்றத்தில் வண்டி இரைகிற மாதிரி இரைகிறது. போ, போ, போ, விட்டுராத, செகண்டு கியர்லயே போ. நிற்கிறது. நின்றுவிட்டதா. மயிலின் மூச்சும் அந்த நேரத்தில் நின்று யோசிக்கிறது. இரண்டையும் சேர்த்துக் கேட்டுக்கொண்டு நான் நடுவில் உட்கார்ந்திருக்கிறேன், எது முதலில் கிளம்பும் என்று. மயிலுதான் முதலில் விட்டாள். பின்னாலேயே பெட்டியும் ஒரு வரி போட்டது. தெருமுனையில் ஆம்னி வேன் ஒன்று இரண்டாவது கியரில் திரும்புகிறது, டாக்டரம்மா வண்டிதான், அதன் சைலன்சரில் ஓட்டை.

அணைத்துப் போட்டேன். டாக்டரம்மா செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வரவும், அ ஆ இ ஈ கட்டம் கட்டமாக வந்து உட்காரவும் சரியாக இருந்தது. நல்லசாமி முந்திக்கொண்டான். டாக்டர், பொட்டி இப்பத்தான் ரிப்பேராகி எந்திரிச்சிருக்குது, அக்காவுக்குச் சிரமம் வேண்டாம், நானே கேட்டுர்றேன். டாக்டரம்மா கையைத்தான் காட்டினார், நில் என்று. நாற்காலியை இழுத்துப் போட்டுக் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பார்வையைப் பழக்குவதற்குப் பெட்டி மூலைக்கு மூலை புள்ளி காட்டும், மயிலு ஒவ்வொன்றாகப் பார்த்து முடித்தாள். அம்மா, போன தடவை கேட்டேன், குழாய் வைக்கறதா, வேண்டாமா, உங்க முடிவு என்ன, அவசரமே இல்ல, மெதுவாச் சொல்லுங்க. அவசரமே இல்லையாம்.  மயிலு பேசுகிறபடியேதான் எழுதுவாள், செய்தி வாசிக்கிறவளுக்காக ஒரு எழுத்தையும் மாற்றமாட்டாள். வ வந்தது. ஏகாரக் கொம்பு வந்தது. வே. ரெண்டுக்கும் வேதான். வேணும் என்றாலும் வே, வேண்டாம் என்றாலும் வே. ண வந்தது. இதுவும் ரெண்டுக்கும் பொது. இனி ஒரு கட்டம், உகரம் வந்தால் வேணும், புள்ளி வந்தால் வேண்டாம். அவள் கண் கட்டங்களின்மேல் நகர்கிறது, உகரத்தண்டை போகிறது, போ மயிலு, அங்கேயே நில்லு, தாண்டிப் போகிறது, தாண்டிப் போய், புள்ளி. ண் என்று எழுந்து நின்றது. கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். நல்லசாமி, அக்கா, என்றான். ட வந்தது. அவ்வளவுதான், இனி ஒரு கால் போட்டால் முடிந்தது, காலுக்குத்தான் போகப்போகிறாள். கால் வரவில்லை. டகரத்தின் தலையில் ஒரு கொக்கி விழுந்தது. டி. வேண்டி. இது ஆமாமும் இல்லை, இல்லையும் இல்லை, இப்படி ஒரு பதிலை நாங்கள் யாரும் கேள்வியிலேயே வைக்கவில்லை. டாக்டரம்மா முன்னால் சாய்ந்தார். எழுத்து எழுத்தாக, இடையில் இளைத்து, கண்ணை மூடித் திறந்து, அவள் முடிக்கிற வரைக்கும் வீட்டில் யாரும் இருமவில்லை. பிறகு செய்தி வாசிக்கிறவள் வாயைத் திறந்தாள்.

"வேண்டிய வரைக்கும் இருக்கட்டும். போதும்னு நான் சொன்னா எடுத்துப்போடோணும்."

 டாக்டரம்மா அவள் கையை எடுத்துத் தன் மடியில் வைத்துக்கொண்டார். அதுக்கு முறை இருக்குதுங்கம்மா, இப்பவே சொல்லி வெச்சுட்டா முடியும், ஆனா அது உங்க சொல்லா மட்டும்தான் இருக்கணும், என்றார். சொல்லிக்கொண்டே, எல்லாரும் செய்கிற மாதிரி, வீட்டு ஆம்பிளை என்று என் பக்கம் திரும்பினார். ஐயா, நீங்க இதுக்கு. அவர் முடிப்பதற்குள் மயிலின் கண் கட்டங்களில் ஓடியது, அத்தனை வேகமாக அவள் எழுதி நான் பார்த்ததில்லை.

"அவரைக் கேக்கப்படாது. அவரு வேண்டாம்னே சொல்லமாட்டாரு."

நல்லசாமி முகத்தைத் துண்டில் மூடிக்கொண்டான். நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை, ஏதோ ஒரு சத்தம் வந்தது என்னிடமிருந்து. டாக்டரம்மா அவளிடம் குனிந்து, எந்த ஆஸ்பத்திரி, எப்போது, எப்படி மயக்கம் கொடுப்பார்கள் என்று ஒவ்வொன்றாகச் சொல்ல ஆரம்பித்தார். அவள் நடுநடுவே குறுக்குக் கேள்வி கேட்டாள். எனக்கு அங்கே வேலை இல்லை. மேஜைக்கு அடியில் குனிந்து, மின்சார வயர் எங்கேயாவது ஆட்டம் காண்கிறதா என்று ஒவ்வொரு முனையாக அழுத்திப் பார்த்தேன்.